அடுக்கு எண்ணைக் கீழே இறக்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் மாதிரி வினாத்தாள்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கத்தரித்து, நோட்டில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான், மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வுக்காக வருகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வுக்கும், ஓரிருவர் ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வுக்கும் வருகிறார்கள். டவுனுக்குப் போய்ப் பணம் கட்டிப் பயிற்சி எடுக்க வசதியில்லாத வீடுகள். இவர்களுக்கு உங்கள் பக்கம்தான் பயிற்சி மையம். அந்தப் பக்கத்தில் இரண்டு காரியங்கள் சரியாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலாவது, அச்சு. அண்மையில் வந்த ஒரு தாளில் இப்படி ஒரு கேள்வி: ‘2எக்ஸ்+1 + 2எக்ஸ் = 48 எனில் எக்ஸ்-இன் மதிப்பு என்ன?’ விடைகளாக 3, 4, 5, 6 கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழித்து அழித்துப் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டைக் கொண்டுவந்தாள். “எந்த விடையும் வரலையே டீச்சர்” என்றாள். அவள் செய்தது முழுக்கச் சரி. அச்சில் இருந்தபடி கூட்டினால் 4எக்ஸ் + 1 = 48. அப்படியென்றால் எக்ஸ் 47/4. அது எந்த விடையிலும் இல்லைதான்.

கேள்வியை எழுதியவர் மனதில் இருந்தது வேறு. 2-இன் அடுக்கு (எக்ஸ்+1), அதோடு 2-இன் அடுக்கு எக்ஸ் சேர்ந்தால் 48. (2-இன் அடுக்கு 3 என்றால் 2 × 2 × 2, அதாவது 8.) எக்ஸும் எக்ஸ்+1-உம் மேலே, சின்னதாக இருந்திருக்க வேண்டியவை. அச்சுக்குப் போகும் வழியில் கீழே இறங்கிவிட்டன. (இந்தக் கடிதத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் அடுக்குகளை எழுத்தாலேயே எழுதுகிறேன்.) சரியாக அச்சாகியிருந்தால் அந்தப் பெண் அரை நிமிடத்தில் முடித்திருப்பாள். அடுக்கு ஒன்று கூடினால் மதிப்பு இரண்டு மடங்கு. ஆகவே முதல் உறுப்பு, இரண்டாவது உறுப்பைப் போல் இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்தால் மூன்று மடங்கு. மூன்று மடங்கு 48 என்றால் ஒரு மடங்கு 16. அது 2-இன் அடுக்கு 4. விடை 4.

இது ஒரு தாளோடு நிற்கவில்லை. 2-இன் அடுக்கு 10 என்பது 210 என்று வந்திருக்கிறது. 10-இன் அடுக்கு மைனஸ் 3 என்பது 10-3 ஆகி, பிள்ளைகள் அதை 7 என்று படித்திருக்கிறார்கள். அறிவியல் தாளில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 108 மீட்டர் என்று இருந்தது. 10-இன் அடுக்கு 8 என்று இருக்க வேண்டிய இடம். அச்சில் இருப்பதை நம்பிப் பெருக்கினால் 324 மீட்டர். ஒலியே காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது! வினாத்தாளில் இருப்பது தப்பாக இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றாது. தங்களுக்குத்தான் கணக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று ஊகிக்க முடிகிறது. ஆசிரியர்கள் கணினியில் தட்டும்போது அடுக்கு எண் மேலேதான் இருக்கும். அதை நகலெடுத்து ஒட்டும்போதோ, ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதோ, எழுத்து மட்டும் போய்ச் சேரும். மேலே தூக்கி வைத்த அமைப்பு விழுந்துவிடும். தமிழ் எழுத்துரு மாற்றத்தில் இது அடிக்கடி நேர்கிற விஷயம். அதனால் கணக்குப் பகுதியைப் படமாகவே வாங்கிப் போடலாம். முடியாவிட்டால் ‘2-இன் அடுக்கு 5’ என்று எழுத்தில் போடலாம், இடம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எதுவானாலும் பக்கம் அச்சேறும் முன் கணக்கு தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். மெய்ப்புத் திருத்துபவர் தமிழில் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். 210 என்பது பிழை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, விடைகள். பக்கத்தின் அடியில் 1-ஆ, 2-ஈ, 3-அ என்று எழுத்துகள் மட்டும் வருகின்றன. அப்புறம் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: கேள்வியையும் விடையையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள். எண்ணை மாற்றிக் கேட்டால் அதே கணக்கில் விழுகிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எஃப்(எக்ஸ்+1) என்ற சார்பின் மதிப்பு, எக்ஸ் வர்க்கம் + 2எக்ஸ் + 5. அப்படியென்றால் எஃப்(3) என்ன? பெரும்பாலான பிள்ளைகள் எக்ஸ் இருக்கும் இடத்தில் 3 போடுவார்கள். 9 + 6 + 5 = 20. கேள்வி தயாரிக்கிறவருக்கு இது தெரியும். 20-ஐயும் ஒரு விடையாக வைத்திருப்பார். சரியான விடை 13. விடைப்பட்டியலில் ‘ஆ’ என்று மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு 20 ஏன் தப்பு என்று யார் சொல்வது?

என் திண்ணையில் அரவை மில்லை வைத்துத்தான் இதைச் சொல்வேன். எஃப் என்பது மில். அடைப்புக்குள் இருப்பது உள்ளே போடுகிற தானியம். எஃப்(3) என்றால் எஃப்-ஐயும் 3-ஐயும் பெருக்குவதில்லை. (பத்தாம் வகுப்பில்கூட அப்படிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.) உள்ளே 3 போட்டால் என்ன வெளியே வரும் என்பதுதான் கேள்வி. இங்கே உள்ளே போகிறது எக்ஸ் அல்ல, எக்ஸ்+1. அது 3 ஆக வேண்டும் என்றால் எக்ஸ் 2 ஆக இருக்க வேண்டும். 2 போட்டால் 4 + 4 + 5 = 13. இந்த இரண்டு வரியை விடைக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை இதுபோல் எத்தனை கேள்வி வந்தாலும் சமாளிக்கும்.

விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன 48 கணக்கில் 4-ஐப் போட்டால் 32 + 16 = 48 என்று உடனே தெரிந்துவிடும். என்.எம்.எம்.எஸ். தேர்வில் ஒரு தாளுக்கு 90 நிமிடம், 90 கேள்வி. அங்கே இந்த வழி நேரத்தை மிச்சப்படுத்தும். நானே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஜே.இ.இ. மெயினில் கணிதத்துக்கு உள்ள 25 கேள்விகளில் 5-க்கு விடைப் பட்டியலே கிடையாது. எண்ணை நாமே கண்டுபிடித்துப் பதிய வேண்டும். சரியானால் 4 மதிப்பெண், தப்பானால் ஒன்று குறையும்.

அந்தத் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு நான் தவறாமல் கொடுக்கிற கணக்கு ஒன்று உண்டு. எஃப்(எக்ஸ்+ஒய்) = எஃப்(எக்ஸ்) × எஃப்(ஒய்). எஃப்(1) = 3. எஃப்(1), எஃப்(2), எஃப்(3) என்று முழு எண்களுக்கு வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் எத்தனையாவது உறுப்பில் 363 வரும்? பார்த்தவுடன் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஏழாம் வகுப்பில் படித்த விஷயம். அடிமானம் (அடியில் இருக்கும் எண்) ஒன்றாக இருந்தால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும் என்று படித்தார்களே, அந்த விதியேதான் சார்பின் வடிவத்தில் நிற்கிறது. எஃப்(2) என்பது எஃப்(1+1); அதாவது 3 × 3 = 9. எஃப்(3) 27, எஃப்(4) 81, எஃப்(5) 243. கூட்டினால் 3, 12, 39, 120, 363. விடை 5. அடுக்குகளை ஏழிலும் எட்டிலும் படிக்கிறோம், சார்பைப் பத்தாம் வகுப்பின் முதல் பாடத்தில் படிக்கிறோம். இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதைக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. பயிற்சி மையத்துக்குப் போகிற பிள்ளைக்கு அந்த ஆள் கிடைக்கிறார். போக முடியாத பிள்ளைக்கு உங்கள் பக்கம் அதைச் செய்யலாம்.

ஏன் என்று சொல்வதற்கு நிறைய இடமும் தேவையில்லை. எந்த எண்ணின் அடுக்கு பூச்சியம் என்றாலும் (பூச்சியத்தைத் தவிர) மதிப்பு 1 என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஏன் என்றால் விழிப்பார்கள். 3-இன் அடுக்குகளை மேலிருந்து கீழாக 81, 27, 9, 3 என்று எழுதுங்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அடுக்கு ஒன்று குறைகிறது, மதிப்பு 3-ஆல் வகுபடுகிறது. 3-க்கு அடுத்து 1. அதற்கும் கீழே 1/3. பூச்சிய அடுக்கும் மைனஸ் அடுக்கும் இந்த ஒரே வரியில் வந்துவிட்டன.

இருபது கேள்விக்கும் வழிமுறை போட இடமில்லை என்றால் கேள்விகளைப் பத்தாகக் குறைத்துவிடுங்கள். வழியோடு கூடிய பத்து கேள்வி, வெறும் விடை கொண்ட ஐம்பது கேள்வியை விட அதிகம் கற்றுக் கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

என்.எம்.எம்.எஸ். தேர்வில் உதவித்தொகைக்குத் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். தீப்பெட்டி ஒட்டியும் கூலி வேலைக்குப் போயும் பிள்ளையைப் படிக்க வைக்கிற வீட்டில், அந்தப் பணம் பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்தாமல் காப்பாற்றும். அதை ஓரிரு மதிப்பெண்ணில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த தேர்வுக் காலத்துக்கான மாதிரித் தாள்களை நீங்கள் தயாரிக்கும்போது, கணக்குப் பகுதிக்கு வழிமுறைகளை எழுதித் தரவும் அச்சுக்கு முன் மெய்ப்பு பார்த்துக் கொடுக்கவும் நான் தயார். சம்பளம் எதுவும் வேண்டாம். என்னோடு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தை முந்தைய நாள் காலையில் அனுப்பினால் போதும், மாலைக்குள் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
விளாத்திகுளம், தூத்துக்குடி மாவட்டம்.