கட்டைக் கணக்குச் சொன்னவர்களுக்கு

மலேசியா, சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை மக்களுக்கு வணக்கம். 2007இல் ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, தெரியும். ஆனால் இந்த மடல் போய்ச் சேர வேண்டியவர்களில் பாதிப்பேர் இன்னும் பழைய பெயரில்தான் குடியிருக்கிறார்கள்.

ரவாங்கிலிருந்து பத்து ஆராங் பக்கமாக நம் ஊருக்கு வரும் சடக்கின் (சாலையின்) கதையைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சின்னக் கையேடாகத் தொகுத்து முடித்துவிட்டார்கள். கூட அலைந்தவன் என்பதால் நன்றி சொல்லும் வேலை என் தலையில்.

பஸ் கண்டக்டர் தாத்தாவுக்கு முதல் நன்றி. ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தும் பழைய வரைபடம் கண்ணில் படவில்லை. தாத்தாவோ காப்பிக்கடையில் உட்கார்ந்து, டிக்கெட் கிழிப்பதுபோல் விரலைச் சுண்டிச் சுண்டி, எந்தத் தோட்டத்து முச்சந்தி, எந்தக் கித்தா (ரப்பர்) காட்டு வளைவு, எத்தனையாவது கட்டை (மைல்) என்று மொத்தத்தையும் ஒப்பித்துவிட்டார். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எவ்வளவோ காலமாச்சு, நம்மவர் வாயில் கட்டை மட்டும் போகவில்லை. "பத்து ஆராங் பத்தாங்கட்டையிலயா இருக்கு?" என்றான் ஒரு வாண்டு. மலாயில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. மைல்கல்லுக்கும் பத்துதான், அதனால் கேள்வி பாதி சரி என்று தாத்தா தீர்ப்புச் சொன்னார்.

பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தைச் சுற்றிக் காட்டிய சீன அங்கிளுக்கும் நன்றி. 1915இல் தொடங்கி 1960இல் மூடியது. நாட்டின் ரயில்கள் அந்தக் கரியில் ஓடின. கரி ஏற்றிப்போக குவாங்கிலிருந்து போட்ட தண்டவாளம் இன்றில்லை. சடக்கு இருக்கிறது.

எண்ணுக்கு முன்னால் 'பி' போட்டால் சிலாங்கூர் மாநிலச் சாலை, 'ஏ' என்றால் பேராக், வெறும் எண் மட்டும் என்றால் மத்திய அரசுச் சாலை என்று விளக்கிய ஜே.கே.ஆர் (பொதுப்பணித் துறை) ஓய்வாளர் பக்சிக்கும் (மலாயில் மாமா) நன்றி.

தென்னமரம் தோட்டத்து லோரிக்கார அண்ணனை விட முடியுமா? 1917இல் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை (எண்ணெய்ப்பனை) நட்ட தோட்டம். ஆனால் அண்ணன் பேசியது பள்ளங்களைப் பற்றி. "தார் மேல உடையிறதில்ல தம்பி. ஓரத்துக் கால்வா அடைச்சு, தண்ணி அடியில எறங்குனா, அப்புறம் செம்பனைக் குலை லோரி ஒரு தடவ போனாப் போதும்." பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கையேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

அப்புறம், துணி துவைக்கும் கல்லைக் காட்டிய பாட்டி. கொல்லைப்புறக் குழாயடியில் பாசி பிடித்துக் கிடந்ததைத் தேங்காய் நாரால் தேய்த்தார். மெல்ல ஒரு '2' தெரிந்தது. பக்கத்து எண் துவைத்துத் துவைத்தே தேய்ந்திருந்தது. "சடக்கை அகலப்படுத்துனப்போ ஓரமா கெடந்துச்சு, தூக்கியாந்தோம்" என்றார். பள்ளிக்குக் கேட்டோம், தரவில்லை. சட்டையை எங்கே அடித்துத் துவைப்பதாம்?

பாட்டி, உங்கள் பிரதியைச் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். கல்லை இன்னொரு தடவை படம் எடுக்க வேண்டும், அன்றைக்குத் துணி ஊற வைக்காதீர்கள்.