பாம்புக்குப் பால் வார்க்கச் சொன்ன பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் கேள்வி பதில் பகுதியில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் கேள்வி வெளியாகியிருந்தது. நண்பன் கொடுத்த மலைப்பாம்புக் குட்டி ஒன்று தன்னிடம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அது என்ன இனம், என்ன தீனி போடுவது என்று கேட்டிருந்தான். தாங்கள் அளித்த பதில் இரண்டே வரி. தோட்டப்புறங்களில் கிடைக்கும் மலைப்பாம்பெல்லாம் ஒன்றுதான், பாலும் முட்டையும் வைத்துப் பழக்கினால் நாய்க்குட்டி மாதிரி வளரும் என்று முடித்துவிட்டீர்கள். அதே பக்கத்தில் ஒரு நடிகையின் கூந்தல் எப்படி இவ்வளவு செழிப்பாக வளர்ந்தது என்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் எண்ணெயின் பெயர் முதற்கொண்டு தெளிவாக இருந்தது.

ஒன்றுதான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் ஐயா? படம் அனுப்பச் சொன்னீர்களா? தலையில் கோடு உண்டா, வால் குட்டையா நீளமா என்று கேட்டீர்களா? தோட்டத்துப் பக்கமிருந்து வந்த கடிதம், எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள் என்ற தைரியம் போலும்.

அந்தப் பையன் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அடுத்த வரிசை வீட்டுக்காரன். ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் என் வயதுக்காரர்களுக்கு விளங்கும். நான் இங்கே செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையைக் கவனிக்கும் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் பதில் வெளியான மறுநாள் அவனுடைய தாயார் வந்து, "கிராணி ஐயா, பேப்பரில் சொன்ன மாதிரியே பால் வைத்தோம், தொடக்கூட இல்லை. செத்துவிடுமோ என்று பிள்ளை அழுகிறான்" என்றார்.

போய்ப் பார்த்தேன். துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் ஆணியைச் சுட்டுப் போட்ட ஓட்டைகள். அடியில் விரித்திருந்தது தங்கள் நாளிதழ்தான், அந்த வகையில் அது பயன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் பால் ஆடை கட்டி, புளித்த வாடை வீச, செவ்வெறும்பு மொய்த்துக் கிடந்தது. பக்கத்தில் உடைத்து ஊற்றிய முட்டை. பாம்பு மூலையில் சுருண்டிருந்தது. கண்ணில் நீலம் பாய்ந்து, தோல் மங்கிப்போயிருந்தது. சட்டை உரிக்கப்போகிற பாம்பு அப்படித்தான் இருக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் எதையும் தின்னாது. சும்மா விட்டுவிட வேண்டும், குடிக்கத் தண்ணீர் வைத்தால் போதும்.

பாம்பு பால் குடிக்காது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தண்ணீர் காட்டாமல் தவிக்க விட்ட பாம்பு ஈரம் எதுவானாலும் வாய் வைக்கும், அதைப் பார்த்துவிட்டு வந்த கதை இது. பாலைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை. முட்டையையே தின்று வாழும் பாம்புகள் ஆப்பிரிக்காவில் உண்டு, ஆனால் அவை மலைப்பாம்பு அல்ல.

இனத்துக்கு வருகிறேன். நகரத்தில் வாங்கிய ஆப்பிரிக்கப் பாம்பு, பந்து போலச் சுருண்டுகொள்ளும், பெரிதாக வளராது என்று சொல்லித்தான் அந்த நண்பன் கொடுத்திருக்கிறான். அந்த நண்பனின் அண்ணனோ செம்பனைப் பழக்குலை ஏற்றிவந்த லாரியிலிருந்து விழுந்தது என்கிறான். யார் சொல்வது மெய் என்பதைப் பாம்பின் தலையே சொல்லிவிட்டது. மூக்கு நுனியிலிருந்து பிடரி வரைக்கும் நட்ட நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. கண்ணிலிருந்து வாய்க்கோடி வரை சரிந்து இறங்கும் இன்னொரு கோடு. முதுகெங்கும் கறுப்பும் மஞ்சளுமாகப் பின்னிய கட்டம். இது நம் நாட்டுப் பாம்பு, மலாய்க்காரர்கள் சாவா பாத்தேக் என்பார்கள். பர்மியப் பாம்பாக இருந்தால் தலையில் அம்பு முனை மாதிரி குறி இருக்கும். செம்பனை மட்டைக் குவியலுக்கடியில் கிடக்கும் இரத்த மலைப்பாம்பு குட்டையாக, தடியாக, வால் சிறுத்து இருக்கும். அதையும் நம் காட்டில் பார்க்கலாம். நண்பன் சொன்ன, பந்து போலச் சுருளும் ஆப்பிரிக்கப் பாம்பு 1.5 மீட்டரைத் தாண்டுவது அரிது. சாவா பாத்தேக்கோ உலகிலேயே நீளமான பாம்பினம், 6 மீட்டருக்கு மேல் வளர்ந்தவை உண்டு. தங்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

தீனி விஷயத்தில் இன்னொன்று. என்னிடம் கேட்ட பிறகு அந்தத் தாயார், "அப்படியானால் தோட்டத்து எலியைப் பிடித்துப் போடலாமா?" என்றார். கூடவே கூடாது என்றேன். எலி மருந்து வைக்கும் வேலையை நானே மேற்பார்த்திருக்கிறேன். மெழுகுக் கட்டியாக வரும், பெண்கள் வாளியில் சுமந்து ஒரு மரத்தடிக்கு ஒரு துண்டாக வைத்துக்கொண்டே போவார்கள். தின்ற எலி அன்றே சாகாது. நாட்கணக்கில் நடமாடும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பாம்புக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். எலியை ஒழிக்கவென்று தோட்டமே கூடு கட்டி வளர்த்த கூகைகள் மரத்தடியில் செத்துக்கிடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அப்போதும் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பழைய சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள் என்று எழுதினேன். வெளிவந்தது, வணக்கமும் நன்றியும் மட்டும் மிஞ்சும்படி வெட்டப்பட்டு! தமிழ்ப்பள்ளியில் மாணவர் குறைந்துகொண்டே போவதைப் பற்றி எழுதியதற்கு, இடநெருக்கடி என்று தங்கள் அலுவலகத்தில் யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். ஆனால் இளைஞர்கள் வரிசையாக நின்று செத்த மலைப்பாம்பைத் தூக்கிப் பிடிக்கும் படத்துக்கு மட்டும் தங்களிடம் என்றைக்கும் இடம் இருக்கிறது. தலைப்பும் மாறாது, 'தோட்டத்தில் ராட்சதப் பாம்பு'. நாங்கள் அடிப்போம், பிடிப்போம், தின்போம், பால் வார்ப்போம். பாம்பைப் பற்றி எங்களுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று மட்டும் தங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

வளர்க்கும் பாம்புக்குக் கொடுக்க வேண்டியது, அதற்கென்றே சுத்தமாக வளர்த்து உறைய வைத்த எலி. பாம்பின் உடல் எங்கே மிகத் தடித்திருக்கிறதோ அந்தப் பருமனுக்கு மேல் எலி போகக்கூடாது. வெந்நீரில் வைத்துச் சூடு ஏற்றிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அதன் உதட்டிலுள்ள குழிகள் சூட்டை வைத்துத்தான் இரையை அடையாளம் காண்கின்றன. சில்லிட்ட எலியைச் சீந்தாது. உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டால் எலிதான் பாம்பைக் கடித்துக் குதறும். குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காமல் இருக்க வேண்டும், எடுத்தால் கக்கிவிடும்.

ஆனால் இதெல்லாம் உரிமம் உள்ளவர்களுக்கு. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாவா பாத்தேக் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். தங்களுக்குத் தெரியாத சட்டமா என்ன! தெரிந்தும், பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்து வைத்து வளர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். நாளை அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினால், நாளிதழில் போட்டிருந்தார்கள் என்று அந்தத் தாயார் தங்கள் பக்கத்தை எடுத்து நீட்ட வேண்டுமா?

பையனுக்கும் அவன் தாயாருக்கும் எடுத்துச் சொல்லி, சட்டை உரிந்ததும் பாம்பைப் பெர்ஹிலித்தானிடம் ஒப்படைக்கச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். பையன் இப்போது என்னோடு பேசுவதில்லை. பெரியவர் என்ற மரியாதைக்காகத்தான் கேட்டுக்கொண்டான். தங்கள் பதில்தான் அவனுக்குப் பிடித்திருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பகுதியில் மூன்று வரி போட்டால் போதும்: பாலும் முட்டையும் தவறு, தோட்டத்து எலி ஆபத்து, இனம் தெரியாத பாம்பு கையில் இருந்தால் பெர்ஹிலித்தானைக் கேளுங்கள். மரண அறிவித்தல்களுக்குக் கீழே போடாமல், கேள்வி வெளியான இடத்திலேயே போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், சுடுகாட்டுப் பாதையைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவையுங்கள். அது இன்னும் அடைத்தே கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்