டிசம்பர் வெள்ளத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்பானவர்களே, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் வாழை போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்களுக்கு வானமும் ஆறும் சேர்ந்தே வந்தன. பொங்கலுக்கு வெட்ட நிறுத்தியிருந்த குலைகள் மரத்தோடு போயின, வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். இழந்ததைப் பற்றி இது போதும். இந்த மடல் அதற்கு இல்லை.

முதல் நன்றி ஆலயத்தைப் பார்த்துக்கொண்டு மணியடிக்கிற எங்கள் கோவில் குட்டியாருக்கு. கரண்டும் இல்லை, போனும் இல்லை என்றானபின் அந்த மனுஷன் இருட்டில் போய் ஆலய மணியை விடாமல் அடித்தார். நேரங்கெட்ட நேரத்தில் மணி கேட்டால் எங்கள் ஊரில் சாவு என்றுதான் நினைப்போம். யார் போய்விட்டார்கள் என்று பார்க்கக் கட்டிலைவிட்டு இறங்கியபோதுதான் காலில் தண்ணீர் பட்டது.

மாடி வீட்டு அண்ணாச்சிக்கும் மதினிக்கும் என்ன சொல்ல? மார்கழி முதல் தேதி. வாசலில் கோலம் போட்டிருக்க வேண்டிய வீட்டில், சேற்றுக் காலோடு தெருவே ஏறி நின்றது. என் அம்மா ஒரு மூலையில் முணுமுணுப்பாக ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். "சத்தமாவே பண்ணுங்க அத்தை, எங்களுக்கும் சேத்து" என்றார்கள் மதினி. அப்புறம், கடற்கரை ஊர்களிலிருந்து படகைக் கொண்டுவந்து எங்களை மீட்ட தம்பிமாரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள நேரமில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் இருந்தவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு போட்டதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். கேமரா வராத எத்தனையோ தெருக்களிலும் அதேதான் நடந்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் வடிந்தபின்தான் உண்மையில் கஷ்டம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முறத்தால் சேற்றை அள்ளினார்கள். என் மகளின் சான்றிதழ்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக் கொடுத்த டீச்சரை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். வெளி மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் சாக்கடையை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்குக் கும்பிடு. சென்னையில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்குள் டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் தண்ணீர் புகுந்திருந்தது. அதைக் கழுவி முடிப்பதற்குள் எங்களுக்குப் போர்வையும் மருந்தும் அனுப்பினாள்.

எங்கள் குருவானவர் ஐயாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி கொஞ்சம் வேறு மாதிரி. அந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறைய. எல்லாம் தேவசித்தம், நன்மைக்கே என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், ஆனால் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. ஆறுகள் உன்மேல் புரளுவதில்லை என்ற ஏசாயா வசனம் பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பீரோ மேலேயே புரண்ட ஆற்றை என்ன செய்ய? என் மனைவி ஜெபிக்கவே மாட்டேன் என்று இருந்தாள்.

ஐயா வந்து ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. 69ஆம் சங்கீதத்தைத் திறந்து வாசித்தார். "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை" என்று சேற்றில் மூழ்கியவன் கதறுகிற இடம் வந்ததும் என் மனைவி வாய்விட்டு அழுதாள். வெள்ளத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதாள். ஐயா அவளைத் தேற்றவும் முயலவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்து, மீதியை வாசித்துவிட்டு, சபை நிதியிலிருந்து பாய் வந்திருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் புறப்பட்டார்.

ஆண்டவரிடம் கோபப்படலாம், அந்தக் கோபமும் ஜெபம்தான் என்று நான் ஞாயிறு பள்ளியில் படித்ததில்லை. எனக்கு வந்த நம்பிக்கை அந்த வாசலில் வந்ததுதான். கடன் அடையுமா, அடுத்த மழை எப்படி இருக்கும் என்று எதுவும் தெரியாமலேதான் வந்தது.

அந்த வருஷம் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கிறிஸ்துமஸ் பாடல் பவனி இல்லை. அதற்கு வைத்திருந்த பணம் அரிசியாகப் போனது. நனைந்த ஞானப்பாட்டுப் புத்தகங்கள் ஆலயத்துச் சன்னல் திண்டுகளில் காய்ந்துகொண்டிருக்க, ஜோடனை விளக்கு இல்லாமல் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை நடந்தது. என் மனைவியும் வந்தாள். பாடவில்லை, ஆனால் கடைசி வரை இருந்தாள்.

இப்போது மறுபடி கன்று ஊன்றியிருக்கிறோம். அரசு தந்த 6,000 ரூபாய் அடுப்பங்கரைச் சாமானுக்குச் சரியாய்ப் போயிற்று. கன்றுக்கான பணம் கொடுத்த மச்சானுக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் விடுகிறேன்.

ஒரு விஷயம் பாக்கி. சோறு வந்த பாத்திரங்களில் ஒரு எவர்சில்வர் அண்டாவும் இரண்டு தூக்குச்சட்டிகளும் எங்களிடமே தங்கிவிட்டன. அண்டா விளிம்பில் "ச.பா." என்று வெட்டியிருக்கிறது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது சாப்பிடாமல் வாருங்கள்.