அப்பாவுக்குத் தாகம் எடுக்கவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, உடனே பதில் எழுத முடியவில்லை, காரணம் அப்பா. ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவர் தலைசுற்றி அப்படியே சாய்ந்துவிட்டார். நீர்ச்சத்து குறைந்திருக்கிறது என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறார், கவலைப்படாதே. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து மத்தியானத்துக்கு மேல் தண்ணீரையே தொடாமல் இருந்திருக்கிறார். கேட்டால், "தாகமே எடுக்கலப்பா" என்கிறார். அது உண்மைதான். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும், சிறுநீரகமும் முன்போல நீரைப் பிடித்து வைக்காது. ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கவனிக்கவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

நீயோ தினமும் நாலு லிட்டர் என்று பாட்டிலில் கோடு போட்டுக் குடிக்கிறாய், உடம்பிலுள்ள நீரை உறிஞ்சிவிடும் என்று டீயையும் விட்டுவிட்டாய். அந்தப் பயம் வேண்டாம். டீ, காபியில் இருக்கும் காஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் தினமும் குடித்துப் பழகிய உடம்பில் அது சொற்பம், டீயில் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தானே. 2016-இல் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் 13 பானங்களை ஒரு லிட்டர் வீதம் குடிக்கக் கொடுத்து நாலு மணி நேரம் சிறுநீரை அளந்தார்கள். டீ, காபி, கோலா எல்லாம் தண்ணீரைப் போலவேதான் உடம்பில் தங்கின, பாலும் ஓஆர்எஸ் கரைசலும் தண்ணீரைவிட அதிகமாகத் தங்கின. பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் அதை வயிற்றிலிருந்து மெதுவாக இறக்குகின்றன, அதிலுள்ள சோடியம் நீரைப் பிடித்துக்கொள்கிறது.

அதற்காகக் கோலாவும் சரி என்று எடுத்துக்கொள்ளாதே. 330 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் அந்தக் கணக்கில்தான் வரும். பழத்தைப் பழமாகவே சாப்பிடு.

அப்புறம் அந்த நாலு லிட்டர். ஆண்களுக்கு உணவில் வருவதையும் சேர்த்தே இரண்டரை லிட்டர் போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு, வெயிலில் அலைந்தால், வியர்த்தால் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். தாகமே இல்லாமல் திணித்துக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், முற்றினால் மூளை வீங்கி வலிப்பு வரை போகும். உனக்குத் தாகம் நன்றாகவே தெரிகிறது, அதை நம்பு, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அப்பாவுக்கு இப்போது பெரும்பகுதியைக் காலையிலேயே கொடுத்துவிடுகிறோம். எழுந்ததும் டீ, மாத்திரையோடு முழு டம்ளர் தண்ணீர், நாலு மணிக்குப் பால், தூங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைவு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதில்லை, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன்.

உன் அம்மா ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறார் என்று இந்த வாரம் கவனித்துப் பார். அவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால் அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்