சப்பென்று இருக்கிறதா? டாக்கோ எங்கே?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பீர் பற்றி எழுதியவர் மெக்சிகோவின் மலிவு லாகர்களை (குளிரில் நொதிக்கவைத்த பீர் வகை) எல்லாம் 'எலுமிச்சை செருகிய சோடாத் தண்ணீர்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். வெறுமனே குடித்தால் அப்படித்தான் இருக்கும். சட்னி சாம்பார் இல்லாமல் இட்லியைத் தின்றுவிட்டு சப்பென்று இருக்கிறது என்றால் எப்படி?

நான் சான் டியேகோவில் இருப்பவன், விடுமுறை கிடைத்தால் எல்லை தாண்டி மெக்சிகோவின் கடற்கரை ஊரான என்செனாடா போய்விடுவேன். டாக்கோ என்பது உள்ளே ஏதாவது வைத்து மடித்த மெல்லிய ரொட்டி. அங்கே மீன் டாக்கோ என்றால் மாவில் தோய்த்துப் பொரித்த மீன், மேலே பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெள்ளை சாஸ், சால்சா என்கிற மிளகாய்ச் சட்னி. அந்த மாவையே பலரும் பீர் ஊற்றித்தான் கரைக்கிறார்கள், அதிலுள்ள வாயுவால் மேல்மாவு கனக்காமல் மொறுமொறுவென்று வரும். ஒரு கடி கடித்து, காரம் ஏறுகிற நேரத்தில், உப்புத் தூவி எலுமிச்சை பிழிந்த டெகாடே பீர் கேனிலிருந்து சில்லென்று ஒரு மடக்கு. எண்ணெய்ப் பிசுக்கு போன இடம் தெரியாது. இதே டாக்கோவுக்கு விலை கூடிய, நல்ல கசப்புள்ள ஐபிஏ வகை பீர் ஒன்றை வைத்துப் பார்த்தேன், காரமும் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு வாய் எரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம், எல்லாம் ஒரே ருசி என்பதும் சரியில்லை. டொலூகாவில் 1865இல் தொடங்கிய விக்டோரியா என்ற பீர் வியன்னா பாணி லாகர், செம்பழுப்பு நிறம், லேசாக வறுத்த தானிய வாசனை. சுட்ட கறிக்கும் மோலே என்கிற கெட்டியான மிளகாய்க் குழம்புக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். மசாட்லானில் 1900இல் பிறந்த பசிபிகோ பீருக்கு அந்தக் கடற்கரையின் அகுவாசிலே, அதாவது எலுமிச்சைச் சாற்றிலும் பச்சை மிளகாயிலும் ஊறிய, வேகவைக்காத இறால். நாலு பேர் உட்கார்ந்தால் ககுவாமா போதும். கடலாமையின் பெயர் வைத்த 940 மி.லி. பாட்டில் அது, சூடேறுவதற்குள் காலியாகிவிடும்.

ஒரு விஷயத்தில் கட்டுரையாளர் பக்கம் நான். நிறமில்லாத பாட்டிலில் வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்கிற விலங்கு பீய்ச்சும் திரவத்தைப் போல நாற்றம் அடிக்கும். கடை ஜன்னலோரம் வெயில் காய்ந்த ஒரு பெட்டியைத் தள்ளுபடி என்று தூக்கி வந்து நானும் ஏமாந்தேன். எத்தனை எலுமிச்சை பிழிந்தும் தேறவில்லை, பாதியைத் தொட்டியில் கொட்டினேன். அதிலிருந்து கேன்தான்.

– ஒரு வாசகர், சான் டியேகோ