பூச்சிப் படங்களுக்குப் பரிசு தரும் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சின்னஞ்சிறு உயிர்களை மிக அருகில் சென்று பெரிதாக எடுக்கும் மேக்ரோ புகைப்படப் போட்டிகளின் நடுவர்களுக்கு வணக்கம்.

பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடித் தேடிப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. பரிசு எதுவும் வாங்கியதில்லை. ஆகவே இது வெறும் வயிற்றெரிச்சல் என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். ஒதுக்குவதற்கு முன் இதை மட்டும் கேளுங்கள்: பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து, விறைத்ததும் எடுத்துப் பூவின் மேல் உட்காரவைத்துப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசை போட்டு ஒட்டுபவர்களும் உண்டு. உங்கள் விதிமுறைகளில் படத்தின் அளவு, ஃபைலின் எடை, வாட்டர்மார்க் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது; இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழவைத்தால், பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழு அளவு சென்சாரில், லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8 என்ற அளவுக்குச் சுருக்கினாலும் கூர்மை கிடைப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான். கண் தெளிந்தால் கால் மங்கும். அதனால் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாக அடுக்குகிறோம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அத்தனை படங்களும் முடியும்வரை ஈ அசையாமல் இருக்க வேண்டுமே! விடியற்காலையில் இருக்கும். பூச்சியின் உடல் வெப்பம் சூழலை ஒட்டியே ஏறி இறங்குவதால், இரவுக் குளிரில் அது மரத்துப்போய்க் கிடக்கும். பனித்துளி போர்த்திய தட்டானின் முகத்தருகே லென்ஸைக் கொண்டுபோனாலும் நகராது. வெயில் ஏறிய பிறகு நிழல் பட்டாலே பறந்துவிடும். ஆகவே ஐம்பது அறுபது படங்களை அடுக்கிச் செய்த ஈயின் படம் உங்கள் முன்னால் வந்தால், எத்தனை மணிக்கு எடுத்தது என்று பாருங்கள். நட்டநடு மதியம் என்றால், அது உயிரோடுதான் இருந்ததா, ஃபிரிட்ஜிலிருந்து வந்ததா என்ற அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

சிலந்தி என்றால் கால்களைப் பாருங்கள். சிலந்தியின் காலில் உள்ள முக்கிய மூட்டுகளில் மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் அது காலை நீட்டுகிறது. செத்தால் அழுத்தம் போய்விடும். எட்டுக் கால்களும் உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட கால்களோடு இலை மேல் "இளைப்பாறும்" சிலந்திகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

தாவும் சிலந்தியிடம் இன்னொன்றும் இருக்கிறது. லென்ஸை நீட்டினால் உடம்பையே திருப்பி நம்மை நேருக்கு நேர் பார்க்கும். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களின் வில்லைகள் அசையாது. உள்ளே இருக்கும் குழாய் போன்ற விழித்திரைகள்தான் இடமும் வலமும் அலையும். அதனால் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒரு கண் கறுத்தும், அடுத்த நொடியில் வெளிறியும் தெரியும். அந்த மாற்றம்தான் அது உயிரோடு இருந்ததற்கு அடையாளம். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய விலங்கு என்றால் உலகம் கேட்கத்தான் செய்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-இல் முதற்பரிசு பெற்ற ஓநாய், பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியின் 2017 பரிசுப் படம் ஒன்றில் இருந்த எறும்புதின்னி பஞ்சடைத்த உடலாகத் தெரிகிறது என்று 2018-இல் தகுதி நீக்கம் செய்தார்கள். எறும்புதின்னிக்கு அந்த விசாரணை நடந்தது. எறும்புக்கு யார் நடத்துவது?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு, கேமரா பதிவு செய்த திருத்தாத மூலக் கோப்பான ரா ஃபைலையும் அதைச் சுற்றி எடுத்த படங்களையும் கேளுங்கள். அடுக்கிய படமென்றால் அடுக்கிய அத்தனையும் வரட்டும். செத்த பூச்சியை ஊசியில் குத்தி, நாள் கணக்கில் உட்கார்ந்து கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு அறையும் தெரிய எடுப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது தனிக் கலை. அதற்குத் தனிப் பிரிவு வையுங்கள், மறைக்கத் தேவையிருக்காது. எறும்பு கனியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்பது, கும்பிடுபூச்சி குடை பிடிப்பது போன்ற சர்க்கஸ் படங்களுக்கு மட்டும் எந்தப் பிரிவும் வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்: "படமெடுத்த பின் இந்த உயிர் என்ன ஆயிற்று?" பதில் எழுத இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
பூச்சிகளின் பின்னால் அலையும் ஒருவன்