காசிமேட்டுத் தெருப்பூனைகளுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் கோரி மனு

அனுப்புநர்
துறைமுகத்தை ஒட்டிய தெருக்களின் குடியிருப்பாளர்கள்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: தெருப்பூனைகளை அப்புறப்படுத்தாமல், கருத்தடை செய்து அதே இடத்தில் விடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

காசிமேட்டில் மீன் இருக்கும் வரை பூனையும் இருக்கும். விடியற்காலை ஏலம் முடிந்ததும் கழித்துப் போடும் தலை, செவுள், குடல்தான் அவற்றின் சாப்பாடு. பூனையே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க வேண்டும், இருப்பவை நோயில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டைப்பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். சுமார் 65 நாளில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் பால் குடிக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும். நம் ஊர் வெயிலில் இது ஆண்டு முழுக்க நடக்கிறது. பிறந்த குட்டிகளில் பல வண்டிச் சக்கரத்திலும் வாந்திபேதியிலும் போய்விடுகின்றன. இன்னொரு பக்கம், இரவெல்லாம் கடுவன்களின் சண்டை, வாசலில் சிறுநீர் நெடி. இதனால் எரிச்சலடைகிற அக்கம்பக்கத்தாரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் பூனைகளைச் சாக்கில் கட்டி வேறு பகுதியில் விட்டுவருவதை ஏற்க முடியாது. பட்டினியில் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படி விட்டுவருவதால் பலனும் கிடையாது. மீன் கழிவு அங்கேயேதானே கிடக்கிறது? காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருப்பூனைகள் வந்து சேர்ந்து குட்டி போடத் தொடங்கிவிடும்.

தெருநாய்களைக் கொன்றுவந்த இதே மாநகராட்சி, 1996இல் ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்போடு சேர்ந்து கருத்தடை வழிக்கு மாறியது. பூனைகளுக்கும் அதே வழியை எங்கள் பகுதியில் முறையாகத் தொடங்க வேண்டுகிறோம். புளியந்தோப்பு நாய் இனக்கட்டுப்பாட்டு மையம் எங்களுக்கு அருகில்தான். அங்கே நாய்க் குரைப்பு எட்டாத ஓர் அறையையும் வாரத்தில் சில நாட்களையும் பூனைகளுக்கு ஒதுக்கினால் போதும். மருத்துவர்கள் போதாவிட்டால், வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் உதவியைக் கேட்கலாம்.

நாய் பிடிக்கும் வலை பூனைக்குச் சரிப்படாது. உள்ளே நுழைந்ததும் கதவு விழும் கம்பிக் கூண்டு வேண்டும், பிடிபட்டதும் மிரளாமல் இருக்க மேலே துணி போர்த்த வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக இடது காதின் நுனியைச் சிறிது வெட்டிவிட்டால், அதே பூனையை மறுபடி பிடிக்க நேராது. வெறிநோய்த் தடுப்பூசியோடு, குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய்க்கும் ஊசி போட வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேறியதும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக ஒன்று: தெருவுக்கு இரண்டு மூன்று என்று எடுத்துப் பயனில்லை. விட்டுப்போன சில பெட்டைகளே ஓராண்டில் பழைய எண்ணிக்கையைக் கொண்டுவந்துவிடும். ஒரு தெருவை முழுதாக முடித்த பிறகே அடுத்த தெருவுக்குப் போக வேண்டும்.

எங்கள் பொறுப்பையும் தட்டிக்கழிக்க மாட்டோம். கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை வளரத்தான் செய்யும் என்பதை உணவிடுவோர் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளில் 20ஆம் விதி சொல்வதுபோல், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல்களுக்கும் தள்ளி ஓர் இடம் குறித்து, குறித்த நேரத்தில் மட்டும் உணவு வைப்போம், மிச்சத்தை அள்ளிவிடுவோம். நேரம் பழகிவிட்டால் கூண்டு வைக்கும் நாளில் பூனைகள் தாமாகவே வரும். அறுவைக்கு முன் வெறும் வயிறாக வைத்திருப்பதும் எளிது. தெருவாரியான பூனைக் கணக்கையும் நாங்களே எடுத்துத் தருவோம். மீன் கழிவுக்கு மூடியுள்ள தொட்டிகளும், அவற்றை அன்றன்றே காலி செய்ய வண்டியும் மாநகராட்சி தர வேண்டும்.

முதற்கட்டமாகக் கால்நடை அலுவலர் ஒருவரை அனுப்பி, எங்களோடு தெருக்களைப் பார்வையிடச் செய்து, பணி தொடங்கும் தேதியை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காசிமேடு குடியிருப்பாளர்கள்